ஆடிக்காத்தும் கொள்ளிடமும்

ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில கால் வைக்க இடமிருக்காது. மேட்டூர் நிரம்பின வருஷமா இருந்தா, அந்தச் சமயத்துல கொள்ளிடம் பாலத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. முக்கொம்பில் திருப்பிவிட்ட தண்ணி கரை தொட்டு ஓடிட்டிருக்கும், நேரா கடலுக்கு. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு உபரின்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாழ்வா இருக்கிற கொள்ளிடம் காவிரித் தண்ணியை இழுத்துக்கிட்டதாலதான் 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்ட ஆரம்பிச்சதே.

ஆடியில் இன்னொரு உபரியும் உண்டு. அம்மியைப் பறக்கவிடும் அதே காத்துதான் முப்பந்தல் காற்றாலைகளையும் சுத்தவிடுது. ஆனா அதைத் தேக்கி வைக்க மேட்டூர் கிடையாது.

2012-ல் நான் பத்தாவது. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு. திரிகோணமிதியை மெழுகுவத்தியில் படிச்ச செட்டு நாங்க :-) அந்த வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டப்போ தென்மண்டலம் தப்பிச்சது. காரணம், நம்ம கிரிட் அவங்களோட முழுசா இணையவே இல்லை. சில நேர்மின்சாரத் தொடுப்புகள் மட்டும்தான் இருந்தன. நாம தப்பிச்சதுக்கும் தவிச்சதுக்கும் அதே காரணம்தான். பஞ்சத்தில் வடக்கேயிருந்து வேணுங்கிற அளவு வாங்கவும் முடியலை, ஆடியில் மிஞ்சினதை அனுப்பவும் லைன் போதலை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் சேர்ந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே கிரிட்.

சரி, அடுத்து கடலைத் தாண்டலாமே? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர்தான். இலங்கையோட மின்கேபிள் போட 2010-ல் ஆய்வு ஒப்பந்தம் போட்டாங்க. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு (நமக்கு 2012, அவங்களுக்கு 2022). 2025 ஏப்ரலில் மறுபடி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். கையெழுத்துக்குக் குறைச்சலே இல்லை!

கேபிள் வேணும், சந்தேகமில்லை. ஆனா ஆடிக்காத்துக்கு அது மட்டும் போதாதுங்கிறது என் கணக்கு. மன்னார்ல 2020 டிசம்பரில் திறந்த 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலையைச் சுத்துறதும் இதே தென்மேற்குப் பருவக்காத்துதான். நமக்கு மிஞ்சுற மாசத்தில் அவங்களுக்கும் காத்து இருக்கும். போதாததுக்கு நாம கடலுக்குள்ளேயே காற்றாலை நடப்போறோம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500.

அப்ப மிச்சத்தை என்ன பண்றது? தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கலாம்ங்கிறாங்க. 2023-ல் வந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தோட யோசனை இது. புதுசுன்னு நினைச்சுடாதீங்க. பக்ரா அணை மின்சாரத்தை வெச்சு 1961-லேயே பஞ்சாபின் நங்கல்ல தண்ணியைப் பிரிச்சு, ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து உரம் பண்ணினாங்க. கூடவே கனநீரும். பசுமைங்கிற பேர்தான் அப்ப கிடையாது. பிறகு பக்ரா மின்சாரத்துக்கு வீடும் வயலும் போட்டி போட்டன. 1970-களில் அந்த ஆலையை விரிவாக்கினப்போ எரிஎண்ணெய்க்கு மாறிட்டாங்க. உபரியை நம்பிக் கட்டினாங்க, உபரியே இல்லாமப் போச்சு.

தூத்துக்குடிக்கு இந்தக் கதை பொருந்தும். அங்கே துறைமுகம் இருக்கு, அம்மோனியா கேட்கிற உர ஆலையும் இருக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல மின்சாரம் வேணும். கிடைக்கிற ஹைட்ரஜனில் இருக்கிறது 33 யூனிட்தான். அதைத் திரும்ப மின்சாரமாக்கினா இன்னும் நஷ்டம், அதனால உரமாக்குறதுதான் புத்திசாலித்தனம். லால்குடி வயலுக்கு யூரியா எப்படியும் வேணும். ஆனா இந்த ஆலைகளுக்கு வருஷம் முழுக்க மின்சாரம் தர்றோம்னு வாக்குக் கொடுத்துட்டா, காத்தில்லாத ஒரு தை மாசத்தில் திருச்சியில் எந்தப் பத்தாவது பிள்ளை மெழுகுவத்தி தேடும்?

ஆடி உபரியில் மட்டும் ஓடுன்னா, கோடிக்கணக்கில் போட்ட இயந்திரம் பாதி வருஷத்துக்கு மேல சும்மா கிடக்கும். முதல் போட்டவர் ஒத்துக்க மாட்டார். பங்குனியில் கொள்ளிடம் பாலத்தில் நின்னு பாருங்க, அவ்வளவு அகலமும் வெறும் மணல். சில வாரத் தண்ணிக்குத்தான் அந்த அகலம். ஆத்துக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை, ஆலைக்குக் கட்டணும்.