கடைசிக் காரில் இருந்த ஆள்



குளங்களைப் பற்றிய தொடரின் அடுத்த பகுதி இன்னும் எழுதி முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் வகுப்பில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. அதை விசாரிக்கப் போய் வேறொரு சரித்திரத்துக்குள் இறங்கிவிட்டோம். கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாசித்தால் சந்தோஷம்.

தரம் 9 பெடியன்கள் நாலைந்து பேர் ஒருவனுடைய வீட்டில் கூடி, அவனுடைய நானாவின் பழைய மடிக்கணினியில் கார்ப் பந்தயக் கேம் விளையாடுகிறார்கள். எஃப்1 2012 என்பது அதன் பெயர், கோட்மாஸ்டர்ஸ் கொம்பனியின் தயாரிப்பு. அந்த வருடம் போர்மியூலா வன் பந்தயத்தில் ஓடிய உண்மையான சாரதிகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆளைத் தெரிவுசெய்துவிட்டு ஓட வேண்டும். ஒருவன் நரேன் கார்த்திகேயனைத் தெரிவுசெய்திருக்கிறான். ஏன் என்று கேட்டோம். "எங்கட ஆக்கள்ட பேர் மாதிரி இருந்திச்சு, எடுத்தன் சேர்."

கடைசியாக வந்தான். திரும்பவும் ஓடினான், திரும்பவும் கடைசி. அடுத்த நாள் வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் "கடைசி நரேன்". அதை எங்கேயோ தமிழ் ஆட்களுக்குக் கார் ஓடத் தெரியாது என்பது வரை கொண்டுபோய்விட்டார்கள். இடைவேளையில் சட்டைப் பொத்தான் அறுந்தது. விசாரணை எங்களிடம் வந்தது.

நரேன் கார்த்திகேயன் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடைசி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுடைய வயதில் டவுனில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் 2 விளையாடியவர்கள் நாங்கள். சோனியின் போர்மியூலா வன் 05 என்ற கேமில் ஜோர்டான் அணியின் மஞ்சள் காருக்கு முன்னால் அதே பெயர் வரும். ஒருதரம் எடுத்துப் பார்த்தோம். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, மைக்கல் சூமாக்கரும் சிவப்புக் காரும்தான். கொடுத்த காசுக்கு வெல்ல வேண்டுமே!

பிள்ளைகள் முதலில் பழகியது போனில் விளையாடும் கார்ட் பந்தயங்களில். கேலிச்சித்திரப் பாத்திரங்கள் சின்னக் கார்களில் ஏறி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, வாழைப்பழத் தோலை எறிந்துகொண்டு ஓடும் வகை. இந்த வகையைப் பிரபலமாக்கியது 1992 இல் நிண்டெண்டோ வெளியிட்ட சுப்பர் மாரியோ கார்ட். அதில் எட்டுப் பாத்திரங்கள், நாலு சோடிகள். மாரியோவும் லூயிஜியும் எல்லாவற்றிலும் நடுத்தரம். பீச்சும் யோஷியும் சட்டென்று வேகம் எடுப்பவர்கள். கூப்பாவும் டோடும் வளைவுகளில் லேசாகத் திரும்புவார்கள். பௌசரும் டொங்கி கொங் ஜூனியரும் பாரமானவர்கள், வேகம் எடுக்க நேரம் செல்லும், எடுத்தால் பிடிக்க முடியாது.

இந்த ஜூனியருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1981 இல் வந்த டொங்கி கொங் கேமில் குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிப் போகிறது, மாரியோ மீட்கிறார். 1982 இல் வந்த அடுத்த கேமில் கதை தலைகீழ். மாரியோ குரங்கைக் கூட்டில் அடைத்துவிட்டார், தகப்பனை மீட்க மகன் கொடிகளில் ஏறி வருகிறான். பத்து வருடம் கழித்துத் தகப்பனைச் சிறை வைத்தவருக்குப் பக்கத்தில் அதே மகன் காரில் நிற்கிறான். அந்தப் பழைய கதையில் ஒரு துளியும் அவனுடைய காருக்குள் இல்லை. உடம்பின் பாரம் மட்டும் இருக்கிறது.

கற்பனைக் குரங்குக்கு இது பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் அதே பழக்கத்தோடுதான் நரேனையும் பார்த்தார்கள். பௌசர் பாரம், நரேன் ஸ்லோ, அவ்வளவுதான்.

இனி ஆளின் கதை.

நரேன் 1977 ஜனவரி 14 இல், தைப்பொங்கல் நாளில், மதராசில் பிறந்தவர். வளர்ந்தது கோயம்புத்தூரில். தகப்பன் ஜி.ஆர். கார்த்திகேயன் ரலி கார் ஓட்டத்தில் இந்தியச் சம்பியனாக இருந்தவர். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் பந்தயம் என்றால் மதராசுக்கு அருகில் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதைதான். 1953 இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஓட்டங்கள் நடத்தியது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக ஓடுபாதை திறந்தது 1990 இல்.

கோயம்புத்தூரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். எங்களைக் கேட்டால் இந்தக் கதையில் பெரிய ஆள் அவர்தான். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க ஆருக்கு வசதி? சாதாரண மாருதிக் காரின் 800 சீசீ எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் இருந்து ஓடும் பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்தார். போர்மியூலா மாருதி என்று அதற்குப் பெயர். 1995 இல் வான விபத்தொன்றில் இறந்துபோனார். கோயம்புத்தூரில் உள்ள ஓடுபாதைக்கு இன்று அவருடைய பெயர், கரி மோட்டார் ஸ்பீட்வே. நரேன் முதல் ஓட்டம் ஓடியது அந்த மாருதிக் காரில்தான். முதல் ஓட்டத்திலேயே முதல் மூவருக்குள் வந்தார்.

1992 இல் பிரான்சில் வின்ஃபீல்ட் ஓட்டப் பள்ளிக்குப் போனார், வயது பதினைந்து. பிறகு இங்கிலாந்து. 1996 இல் போர்மியூலா ஏசியா தொடரை வென்ற முதல் இந்தியரும் அவர், முதல் ஆசியரும் அவர். 2001 ஜூன் 14 இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைப் பரீட்சித்து ஓடியபோது, போர்மியூலா வன் காரில் ஏறிய முதல் இந்தியர் ஆனார். அதிலிருந்து பந்தயத்தில் ஓட இடம் கிடைக்க இன்னும் நாலு வருடம் எடுத்தது. இந்த ஓட்டத்தில் திறமை இருந்தாலும் அனுசரணைக் காசு கொண்டுவர வேண்டும். ஐரோப்பியப் பெடியன் ஒருவன் வீட்டில் இருந்து போய்வரும் தூரத்துக்கு இவர் விமானம் ஏற வேண்டும்.

2005 மார்ச், மெல்பேர்ண். முதல் போட்டி. தகுதிச் சுற்றில் 12 ஆவது இடம், ஓட்டத்தில் 15. மலேசியாவில் 11. ஜோர்டான் அப்போது கைமாறிக்கொண்டிருந்த அணி, பழைய பெருமை மட்டும் மிச்சம்.

அந்த வருடம் ஜூன் 19 இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்தது சரித்திரத்தில் எழுதப்பட்ட ஓட்டம். அந்தப் பாதையின் வேக வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் ஆயத்தச் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. மிஞ்சியது ஆறே கார்கள். நரேன் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அவருடைய முழுப் போர்மியூலா வன் வாழ்க்கையிலும் எடுத்த புள்ளி அந்த ஐந்துதான். சும்மா கிடைத்த புள்ளி என்பார்கள். சும்மா கிடைத்ததுதான், மறுக்கவில்லை. சக அணிக்காரர் மொன்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பெடியன்களின் கேமில் இருப்பது 2012 ஆம் வருடத்து நரேன். அப்போது அவர் ஓடியது எச்ஆர்டி என்ற ஸ்பெயின் அணிக்கு. 2010 இல் வந்து 2012 முடிவோடு மூடப்பட்ட அணி, மூன்று வருடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. 2012 இல் பருவம் தொடங்குமுன் நடக்கும் பரீட்சை ஓட்டங்களுக்கு அவர்களின் புதுக் கார் ஆயத்தமாகவே இல்லை. மற்றப் பெரும்பாலான கார்களில் கேர்ஸ் என்ற கருவி இருந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமித்து, ஒரு சுற்றில் ஆறரை வினாடிக்குக் கொஞ்சம் கூட, ஏறத்தாழ 80 குதிரைவலு மேலதிகமாகத் தரும். எச்ஆர்டியில் அது இல்லை.

107 வீத விதி என்று ஒன்றும் உண்டு. தகுதிச் சுற்றின் முதற்கட்டத்தில் வேகமான கார் ஒரு சுற்றை 100 வினாடியில் முடித்தால், நீங்கள் 107 வினாடிக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் ஓட்டம் இல்லை. (இதைக் கரும்பலகையில் போட்டதும் வீதக் கணக்கில் தூங்குகிறவர்களும் விழித்துக்கொண்டார்கள்.) 2011 இலும் 2012 இலும் மெல்பேர்ணில் எச்ஆர்டியின் இரண்டு கார்களுமே இதில் விழுந்தன. நரேன் பதிவானது 48 போட்டிகள், ஓடியது 46. குறையும் இரண்டும் அந்த மெல்பேர்ண்தான்.

2011 இல் வலன்சியாவில் 24 கார் புறப்பட்டு 24 காரும் முடித்தன. நரேன் 24 ஆவது. அந்த வருடமே அவரை நிறுத்திவிட்டு டானியல் ரிக்கியார்டோ என்ற அவுஸ்திரேலிய இளைஞரை ஏற்றினார்கள். ஒக்டோபர் 30 இல் டெல்லிக்குப் பக்கத்தில் புத் ஓடுபாதையில் முதலாவது இந்திய கிராண்ட் ப்ரீ. சொந்த நாட்டு ஓட்டம் என்பதால் நரேனுக்கு மீண்டும் கார் கிடைத்தது. முடிவு: நரேன் 17, அதே அணியின் அதே காரில் ரிக்கியார்டோ 18. அந்த ரிக்கியார்டோ பிற்காலத்தில் எட்டு கிராண்ட் ப்ரீ வென்றார். ஒரு ஓட்டத்தை வைத்து இவர் அவரை விடக் கெட்டிக்காரர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே காரில் இருவரை ஏற்றினால்தானே சாரதி யார் என்று பார்க்கலாம்?

இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "அப்ப கேம்ல நாங்க நரேனை எடுத்தா நரேன்ட திறமை வராதா சேர்?" வராது. ஸ்டியரிங் உன் கையில். அவருடைய பெயரை எடுத்தாய், கிடைத்தது எச்ஆர்டி கார் மட்டும். கடைசியாக வந்தது அந்தக் காரும் நீயும். நரேன் அந்த ஓட்டத்தில் இருக்கவே இல்லை.

கார்ட் கேமில் பழகிய பிள்ளைகளுக்கு இது விளங்கக் கஷ்டம், ஏனென்றால் அங்கே நியாயம் வேறு. மாரியோ கார்ட்டில் முன்னுக்கு ஓடுகிறவனுக்குப் பெட்டியில் வாழைத்தோல்தான் கிடைக்கும். கடைசியில் வருகிறவனுக்கு நட்சத்திரமும் மின்னலும் கிடைக்கும். செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். போர்மியூலா வன்னில் கடைசி அணிக்குக் காசும் குறைவு, அடுத்த வருடக் காரும் பிந்தும். எங்கள் நாட்டில் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீதம் ஒதுக்கியிருக்கிறார்களே, வவுனியாவும் அதில் ஒன்று. அந்த வழியால் கம்பஸ் போன பிள்ளையைப் பார்த்து "கோட்டாவில் போனது" என்று சொல்கிற ஆட்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். அந்தப் பிள்ளை எந்தக் காரில் இருந்து படித்தது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

2012 மார்ச், மலேசியா, செப்பாங். பாதை ஈரமாக இருந்தது. எச்ஆர்டி மட்டும் முழு மழை டயர் போட்டு ஓட்டத்தைத் தொடங்கியது. மற்றவர்கள் இடைநிலை டயரில். மழை கொட்டியது. பெரும்பாலானோர் டயர் மாற்ற உள்ளே ஓட, நரேன் ஒவ்வொரு இடமாக ஏறினார். ஓட்டத்தை இடையில் நிறுத்திச் சிவப்புக் கொடி காட்டியபோது, கட்டத்தின் ஏறத்தாழக் கடைசியில் இருந்து புறப்பட்ட கார் 10 ஆவது இடத்தில் நின்றது.

பிறகு பாதை காய்ந்தது, கார் பின்னுக்குப் போனது. ஜென்சன் பட்டன் வந்து இடித்தார், தன்னுடைய பிழைதான் என்று ஒப்புக்கொண்டார். அப்போதைய உலகச் சம்பியன் வெட்டல் முந்தும்போதும் உரசியது, வெட்டலின் டயர் போனது. அதில் நடுவர்கள் நரேனுக்குத்தான் நேரத் தண்டனை கொடுத்தார்கள். வெட்டல் கோபத்தில் அவரை வெள்ளரிக்காயோடு ஒப்பிட்டார். உலகம் ஞாபகம் வைத்திருப்பது வெள்ளரிக்காயை. பத்தாம் இடம் ஒருவருக்கும் நினைவில்லை.

நரேன் அதோடு வீட்டில் இருந்துவிடவில்லை. ஜப்பானுக்குப் போய் சுப்பர் போர்மியூலாவில் வருடக்கணக்காக ஓடினார். 2019 நவம்பரில் ஃபூஜியில் ஜப்பான் சுப்பர் ஜிடி கார்களும் ஜேர்மன் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய போட்டியின் இரண்டாவது ஓட்டத்தில், ஹொண்டா காரில் முதலாவதாக வந்தார். வயது 42.

பொத்தான் அறுந்த சண்டையில் மற்றப் பக்கம் நின்ற பிள்ளை மெல்லக் கேட்டான், "எங்கட பேர் உள்ள ஆக்கள் ஒருத்தரும் ஓட இல்லையா சேர்?" சென்னையில் அக்பர் இப்ராஹிம் என்ற பழைய பந்தயச் சாரதி இருக்கிறார். உண்மையான கார்ட் ஓட்டத்தில் பிள்ளைகளைப் பழக்கி, போட்டி நடத்தி, ஒரு தலைமுறையை வளர்த்தவர். அவருடைய மகன் அர்மான் இப்ராஹிம் ஏ1 ஜிபியில் இந்தியாவுக்காக ஓடினார். பெயர்களை இருவரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள், எழுத்துப்பிழையோடு.

போன ஜும்ஆவுக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. தேத்தண்ணி வந்தது, மடிக்கணினியும் வந்தது. செப்பாங் பாதை, மழை, எச்ஆர்டி, முழு மழை டயர் என்று வைத்துக் கொடுத்தோம். பட்டப்பெயர் வாங்கியவன் ஓடினான். மற்றவர்கள் கதிரைக்குப் பின்னால் நின்று இடத்தை எண்ணினார்கள். பதினெட்டு, பதினைந்து, பதினொன்று. பதினொன்றில் நின்றபடி மூன்றாவது வளைவில் வழுக்கிப் புல்லுக்குள் போனான். கதிரைக்குப் பின்னால் இருந்தவன் தள்ளிவிட்டு அடுத்த முறை தான் நரேன் என்று உட்கார்ந்தான்.