சட்டைப்பையில் குடியிருந்த தமிழ்

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருக்களைப் பற்றியும் விசைப்பலகைகளைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சொந்தமாகக் கணினி இல்லாதவன் அந்தத் தமிழை எங்கே வைத்துக்கொண்டான் என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் செய்தி தேடிப் பல்லாண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் அதைச் சிறிது பதிந்துவைக்க விரும்புகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய காலத்தில் பதுளையிலோ பசறையிலோ ஹாலிஎலயிலோ ஒரு தோட்டத்து இளைஞன் தொடக்கூடிய கணினி எதுவும் அவனுடையதன்று. நகரத்து நெட் கபேயினுடையது, பாடசாலையினுடையது, 2005 முதல் அரசு ஆங்காங்கே திறந்த நெனசல நிலையத்தினுடையது. அவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடியது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமானால் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். யுனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்ட வேண்டுமானால் அமைப்புப் பகுதிக்குள் சென்று இந்திய மொழிகளுக்கான ஆதரவைச் சேர்க்க வேண்டும்; அதற்கு விண்டோஸின் மூல இறுவட்டையும் கேட்கும். கடைக்காரரிடம் இறுவட்டுக்கு எங்கே போவது? இருந்தாலும், அரைமணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்காக அதைத் தேடி எடுப்பாரா?

தோட்டத்து மக்களுக்கு இந்த நிலை புதிதன்று. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வந்து சேரும். கணினியிலும் அவர்களுடைய தமிழ் அப்படித்தான் முகவரியில்லாமல் இருந்தது.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1980களின் நடுப்பகுதியில் கனடாவிலிருந்து முனைவர் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’ போன்ற சொற்செயலிகள் டாஸ் காலத்தவை. அக்காலத்து நிரல் பெரும்பாலும் நெகிழ்வட்டிலேயே அடங்கிவிடும். வட்டைச் செருகினால் ஓடும், உருவினால் நின்றுவிடும். ‘நிறுவுதல்’ என்ற சடங்கு தலையெடுத்தது விண்டோஸ் பரவிய பிறகு. எழுத்துருவை ஒரு கோப்புறையிலும், துணைக் கோப்புகளை வேறொன்றிலும், விருப்பத் தேர்வுகளை ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பெரும் பதிவேட்டிலும் சிதறிவைக்கும் வழக்கம் வந்தது. மென்பொருள் அந்த ஒரு கணினியில் வேர்விட்டுவிடும். பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது.

இலங்கையில் நாங்கள் பெரிதும் நம்பியிருந்தது பாமினி எழுத்துரு. பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்களுக்கு அது இலகு. ஆனால் பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குவியல் தோன்றும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். இப்படிப் போன செய்தியை ஏதோ கிருமி புகுந்த கோப்பென்று எண்ணி அழித்துவிட்ட ஆசிரியர் பீடத்தையும் அறிவேன்.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரிலும், ஐபிஎம் நிறுவனம் ‘டிஸ்க் ஆன் கீ’ என்ற பெயரிலும் யுஎஸ்பி நினைவகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 மெகாபைட். ஐந்து நெகிழ்வட்டுகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இவை மலிந்து பதுளைக் கடைவீதிக்கு வந்து, ‘பென்டிரைவ்’ என்று பெயர் பெறச் சில ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே அமெரிக்காவில் ஜோன் ஹாலர் என்பவர் 2004இல் பயர்பாக்ஸ் உலாவியைப் பென்டிரைவிலிருந்தே ஓடும்படி செய்தார். வழி எளியது. முதலில் ஒரு சிறு தொடக்க நிரல் ஓடும். உலாவி தன் அமைப்புகளைக் கணினியின் கோப்புறையில் தேடாமல் தன் பக்கத்திலேயே இருக்கும் கோப்புறையில் தேடும்படி அது பணிக்கும். சி என்றும் டி என்றும் வட்டின் எழுத்து இடத்துக்கிடம் மாறுமாதலால், பாதைகளும் அதற்கேற்பத் திருத்தப்படும். ரெஜிஸ்ட்ரியை விடாப்பிடியாகக் கேட்கும் மென்பொருளென்றால், வேண்டிய பதிவுகளைத் தற்காலிகமாக எழுதி, முடிந்ததும் துடைத்துவிடும் உத்தியும் வந்தது. 2006 அளவில் சொற்செயலி, அஞ்சல் நிரல் எல்லாம் சேர்ந்த தொகுப்பே இலவசமாகக் கிடைத்தது. சான்டிஸ்க் போன்ற பெரிய நிறுவனங்கள் 2005இல் ‘யூ3’ என்று ஒரு போட்டி முறையைக் கொண்டுவந்தன. அது சில ஆண்டுகளில் ஓய்ந்துபோயிற்று.

மேல்நாட்டில் இது வசதி. பதுளையிலோ தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிச் சமாளிப்பதா என்ற கேள்விக்கு விடை. பென்டிரைவில் பயர்பாக்ஸ், அதற்குள் ‘தமிழ்விசை’ என்னும் நீட்சி. எவருடைய அனுமதியும் இன்றி உலாவிக்குள்ளேயே தமிழ் தட்டச்சு ஆயிற்று. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி, ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் ஒரு வலைப்பக்கமே. அதைச் சேமித்து எடுத்துவந்தால் இணையம் அறுந்த வேளையிலும் பாமினியை யுனிகோடாக்கும். எழுத்துருவை நிறுவ முடியாத கணினியில் அதன் கோப்பை இருமுறை சொடுக்கி, முன்னோட்டச் சாளரத்தை மூடாமல் சிறிதாக்கி வைத்துவிட்டால், அது திறந்திருக்கும் வரை மற்ற நிரல்களும் அந்த எழுத்துருவைப் பயன்படுத்தும். இந்தத் தந்திரத்தை எனக்குச் சொல்லித்தந்தவன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன். நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

1999 நவம்பரில் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. தமிழில் மனுக் கொடுக்கும் உரிமை தாளில் வந்தது. மனுவைத் தமிழில் அச்சிட்டு எடுத்துச்செல்லப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது இந்தச் சிறு கருவி. தாயின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, சேமலாப நிதிக் கணக்கில் எண் பிழை, பிரசாவுரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பம்; இவையே பெரும்பாலும் அந்த மனுக்களின் பொருள்.

இன்னொன்றும் உண்டு. 2006 முதல் 2009 வரை போர் உக்கிரமாக நடந்த காலம். தன் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு விவரம் அடங்கிய தமிழ்க் கோப்பைப் பிறர் கணினியில் விட்டுவர எந்த இளைஞனும் விரும்பவில்லை. பென்டிரைவை உருவிக்கொண்டால் தடயமே இராது என்று அன்று பலர் சொன்னார்கள். அது மிகை. எந்தப் பென்டிரைவ் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் குறித்துவைத்திருக்கும். எனினும் கோப்பும் கடவுச்சொல்லும் அங்கே தங்காமல் இருந்ததே பெரிய ஆறுதல்.

இந்தச் சுதந்திரத்தைக் கெடுத்தது கிருமி. செருகியவுடன் தானே ஓடும் ‘ஆட்டோரன்’ வசதியைப் பற்றிக்கொண்டு அது கடைக்குக் கடை தாவியது. 2008இல் கிளம்பிய ‘கொன்பிக்கர்’ உலகையே அலைக்கழித்தது. ‘பென்டிரைவ் போடக் கூடாது’ என்று கடைகளில் அட்டை தொங்கியது. எக்ஸ்பியில் அவ்வசதியை மைக்ரோசாப்ட் ஒடுக்கியது 2011இல்தான். பின்னர் கைபேசி வந்தது. தமிழ் அதற்குள் புகுந்துகொள்ளவே, பென்டிரைவ் மேசை இழுப்பறைக்குப் போயிற்று.

ஆனால் கைபேசிக்கு அலைவரிசை வேண்டுமே. 2021இல், கொரோனா முடக்கத்தின்போது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழியே மலையேறிப் பாறை உச்சியில் உட்கார்ந்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. அவ்வேளையில் நான் தெரிந்த ஆசிரியர்கள் சிலருக்குச் சொன்னது ‘கிவிக்ஸ்’ என்னும் நிரலைப் பற்றி. நிறுவத் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி, அந்நிரலோடு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் இணையமின்றி வாசிக்கலாம். ஒருவர் பாடசாலையின் பழைய கணினியில் செருகிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக நமுனுகுலை மலையைத் தேடினாராம்.