வாய்மொழிப் பாட்டும் இசைத்தட்டும்: 'றாப்பர்ஸ் டிலைற்' பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1979ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள எங்கிள்வூட் என்னும் சிறு நகரிலிருந்து 'றாப்பர்ஸ் டிலைற்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 'சுகர்ஹில் காங்' என்ற பெயரில் மூன்று இளைஞர் பாடிய முதற் பாடல் அது. றாப் என்று இன்று உலகெங்கும் வழங்கும் பாடல் வகை இத்தட்டுடனேயே பிறந்தது என எழுதுவோர் உளர். இக்கூற்று இருவகையிற் பிழையானது. நாட்கணக்கிற் பார்த்தாற்கூட, அதே ஆண்டில் 'ஃபற்பாக் பாண்ட்' குழுவினர் வெளியிட்ட ஒரு தட்டு இதற்குச் சற்று முந்தியது. அது அத்துணை முக்கியமன்று. முக்கியமானது, அக்கலை அதற்கு முன்பே ஆறாண்டுகள் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் வாழ்ந்து வளர்ந்திருந்தது என்பதாகும். ஆகவே 1979இல் நிகழ்ந்தது ஒரு கலையின் பிறப்பன்று. அதன் உற்பத்தி முறையில் ஏற்பட்ட மாற்றம். அம்மாற்றத்தில் யார் எதைப் பெற்றனர், யார் எதை இழந்தனர் என்பதையே ஈண்டு நோக்க விரும்புகிறோம்.

தென் புறொங்ஸின் சமூகநிலை ஓரளவு அறியப்பட்டதாதலின் சுருக்கமாகக் கூறலாம். நியூயோர்க்கின் நகர நிர்மாணத்தில் நெடுங்காலம் அதிகாரம் செலுத்திய றொபேர்ட் மோசஸ், 1948 முதலாகக் குடியிருப்புகளை ஊடறுத்து அமைத்த குறொஸ் புறொங்ஸ் நெடுஞ்சாலை, ஈஸ்ற் ட்றெமொன்ற் பகுதியில் ஒரு மைல் தூரத்துக்குள் மாத்திரம் ஏறத்தாழ 1,500 குடும்பங்களை வெளியேற்றிற்று. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நகரைவிட்டு நீங்கின. 1975இல் மாநகராட்சி வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தபோது, முதலில் வெட்டப்பட்டவை ஏழைகளுக்கான பொதுச்சேவைகளே. வாடகையிலும் பார்க்கக் காப்புறுதிப் பணம் இலாபமாகத் தோன்றியமையால், தம் கட்டடங்களுக்குத் தாமே தீ வைப்பித்த சொந்தக்காரரும் இருந்தனர். 1977 ஒக்ரோபரில் ஜனாதிபதி காட்டர் ஷார்லட் வீதியின் இடிபாடுகளைச் சென்று பார்த்தார்.

இத்தகைய வறுமை தானாகவே ஒரு கலையைப் பிறப்பித்துவிடும் என்று கருதுதல் யாந்திரிகமான பார்வையாகும். வறுமை எங்கும் உண்டு. றாப் எங்கும் தோன்றவில்லை. ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனிற் பிறந்து 1967இல் புறொங்ஸுக்குக் குடிபெயர்ந்த கிளைவ் காம்பெல் என்னும் இளைஞன், தன் நாட்டுத் தெருக்களிற் கேட்ட பெரும் ஒலிபெருக்கி விழாக்களின் நினைவையும் உடன் கொண்டுவந்தான். 'கூல் ஹேர்க்' என அறியப்பட்ட அவன், 1973 ஓகஸ்ற் 11ஆந் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க மாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்துக்கு இசை வழங்கினான். பாடசாலை திறக்குமுன் புதிய உடுப்பு வாங்குவதற்காக அவனுடைய சகோதரி ஏற்பாடு செய்த விருந்து அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். பாடகர் குரல் ஒதுங்கித் தாளம் மட்டும் முழங்கும் சில விநாடிகளிலேயே ஆடுவோர் உச்சத்தை அடைகின்றனர் என்பதை அவதானித்த ஹேர்க், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் இட்டு அவ்விநாடிகளை நிமிடங்களாக நீட்டும் முறையை வளர்த்தான். பிறர் விற்ற பண்டமாகிய இசைத்தட்டு இங்கு இசைக்கருவியாயிற்று. நுகர்வோனாக இருக்குமாறு விதிக்கப்பட்டவன் உற்பத்தியாளனாக மாறிய இந்தக் கணம் பண்பாட்டு வரலாற்றிற் சாதாரணமானதன்று.

அத்தாளத்தின் மேல் ஒலிவாங்கியில் முதலில் எழுந்தவை அறிவிப்புகளும் நண்பர் பெயர்களை விளிக்கும் சிறு சொற்றொடர்களுமே. அவை விரைவில் எதுகைத் தொடர்களாகி, நீண்டு, போட்டியாகி வளர்ந்தன. இங்கு வாய்மொழிக் கவிதை பற்றிய ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. மில்மன் பாரி, அல்பேட் லோர்ட் ஆகியோர் யூகோஸ்லாவியப் பாணரிடையே கண்ட வாய்பாட்டு முறையைப் பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிற் சங்கச் செய்யுளுக்குப் பொருத்திக் காட்டியதை வாசகர் அறிவர். புறொங்ஸிலும் பொதுச் சொத்தாய் வழங்கிய வாய்பாடுகள் இருந்தன. கூட்டத்தைக் கூவச் செய்யும் அடிகள், தாளத்தை இட்டு நிரப்பும் அடிகள் எல்லார் வாயிலும் புழங்கின. ஆனால் இதைக்கொண்டு அங்கே தனியுரிமை உணர்வே இல்லாத ஒரு பூர்வ பொதுவுடைமை நிலவியதாகக் கற்பித்தல் தவறு. ஒருவன் முயன்று கட்டிய தனிப் பாட்டை இன்னொருவன் எடுத்தாளுதலைக் 'கடித்தல்' என்று இகழ்ந்தனர். பிடிபட்டவன் மேடையில் அவமானப்பட்டான். அங்கே உடைமை உண்டு. அதற்குக் காவல் சட்டமன்று, சபை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு அடிப்படையானது.

இவ்விருந்துகள் ஒலிப்பதிவை அறியாதவை அல்ல. கசெற்றுகளிற் பதிவாகிக் கைமாறின. சில விற்கவும் பட்டன. வோல்ற்றர் பென்யமின் தமது புகழ்பெற்ற 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்த இயந்திரவழி மறுவாக்கம் இங்கும் இருந்தது. ஆனால் மூலதனம் இருக்கவில்லை. எனவே கருவியைக் குற்றஞ்சாட்டுவதிற் பயனில்லை.

மூலதனம் சில்வியா றொபின்சன் என்ற கறுப்பினப் பெண்மணியின் உருவில் வந்தது. 1950களில் 'மிக்கி அன்ட் சில்வியா' என்ற இணையிற் பாடிப் புகழ்பெற்றவர். 1973இல் தனித்தும் ஒரு வெற்றிப் பாடலைத் தந்தவர். கணவர் ஜோ றொபின்சனுடன் அவர் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. 1979இல் ஹார்லெமின் நடனக் கூடமொன்றில், தாளத்தின் மேல் இளைஞர் எதுகை பேசுவதையும் கூட்டம் அதற்கு மறுமொழி தருவதையும் கேட்ட அவர், இதனைத் தட்டிற் பதியலாம் என உடனே உணர்ந்தார். பெருநிறுவனங்கள் எவையும் அப்போது இதை உணரவில்லை. ஒடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த, தொழிலில் நொடிந்திருந்த ஒரு பெண்ணின் கூர்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அவரை வெறும் சுரண்டற்காரியாகச் சித்திரித்தல் எளிது, ஆனால் அது வரலாறாகாது.

விருந்துகளில் உண்மையாகவே புகழ்பெற்றிருந்தோர் எவரும் அவரது குழுவில் இடம்பெறவில்லை. வொண்டர் மைக், மாஸ்ரர் ஜீ, பிக் பாங் ஹங் எனப் பெயர்கொண்ட மூவரும் நியூ ஜேர்சியில் அகப்பட்டவர்கள். ஹங் அங்கே பீற்சாக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவ்வாண்டுக் கோடையில் முதலிடம் பெற்றிருந்த 'ஷீக்' குழுவின் 'குட் ரைம்ஸ்' பாடலின் அடித்தாள இசையை வாத்தியக்காரர் நிமிடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாசிக்க, மூவரும் மாறிமாறிப் பாடினர். 14 நிமிடங்களுக்கு மேல் நீண்ட அப்பாடல் ஒரே மூச்சிற் பதிவாயிற்று என்பர்.

இனி ஹங் பாடிய பகுதிக்கு வருவோம். அவர் புறொங்ஸில் நடனக் கூடமொன்றின் வாயிற்காவலராகவும், கிறான்ட்மாஸ்ரர் கஸ் என்னும் பாட்டுக்காரரின் அலுவல்களைக் கவனிப்பவராகவும் இருந்தவர். பீற்சாக் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்ததே ஒலிபெருக்கிச் சாதனங்களுக்காகப் பட்ட கடனை அடைப்பதற்குத்தான். பாட அழைக்கப்பட்டதும் ஹங் கஸிடம் சென்றார்; கஸ் தம் பாட்டுக் கொப்பியைத் தூக்கிக் கொடுத்தார். வேண்டியதை எடுத்துக்கொள், எனக்கும் ஏதாவது வழி பிறக்கட்டும் என்ற எண்ணம். பணம் பற்றிய பேச்சு எழவில்லை, எழுத்தில் உடன்பாடும் இல்லை. 'கஸனோவா ஃபிளை' என்பது கஸின் முந்தைய மேடைப்பெயர். பாட்டில் அப்பெயரை அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தார். ஹங் அந்த எழுத்துகளைக்கூட மாற்றாமல், தம் பெயரைச் சொல்வதுபோல அப்படியே பாடினார். நம்மவர் கீர்த்தனையின் ஈற்றில் முத்திரை வைப்பர்; பிறனொருவன் முத்திரையோடு கூடிய பாட்டைத் தன் பாட்டென்று சபையிற் பாடுபவனை என்னவென்பது? புறொங்ஸில் விடயம் அறிந்த எவரும் தட்டைக் கேட்ட மாத்திரத்தில் இது யாருடைய பாட்டு என்பதைக் கண்டுகொண்டனர். ஆனால் தட்டை வாங்கியவருட் பெரும்பாலோர் அச்சபையைச் சேர்ந்தோரல்லர். சந்தைக்குச் சபையின் காவல் செல்லுபடியாகாது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது 'ஷீக்' குழுவினரின் நிலை. நைல் றொஜர்ஸ் நடனக் கூடமொன்றில் இத்தட்டைக் கேட்டார். தம் இசையை அடையாளங் கண்டார். வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தார். அதன் விளைவாக அவரும் பேர்னாட் எட்வேர்ட்ஸும் பாடலாசிரியராகப் பெயர் பெற்றனர். வருவாயும் அவர்களைச் சேர்ந்தது. அவர்களும் உழைத்து வாழ்ந்த கறுப்பினக் கலைஞரே. அவர்கள் பெற்றது நியாயமானது. நாம் கேட்க வேண்டியது, கஸ் ஏன் பெறவில்லை என்பதே. வாய்மொழிக் கலைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போதல் போதாது. 1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் நிலையான வடிவிற் பொறிக்கப்பட்ட கணத்திலேயே உரிமை தோன்றிவிடுகிறது. கொப்பியில் எழுதிய பாட்டு அவ்வரையறைக்குள் அடங்கும். சட்டத்தின் எழுத்து கஸுக்கு எதிராக இருக்கவில்லை. சட்டத்தை அணுகும் வாயில்களாகிய வெளியீட்டு ஒப்பந்தமும் வழக்கறிஞரும் றொஜர்ஸுக்கு இருந்தன, கஸுக்கு இருக்கவில்லை. உரிமை எல்லோர்க்கும் சமம் என்னும் முதலாளித்துவக் கோட்பாட்டின் உள்ளீடு இத்தகையதே. கஸின் பெயர் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெறவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் தாமே ஒரு மறுமொழிப் பாடலைப் பதிவுசெய்தார்.

தட்டின் வெற்றி அறியப்பட்டது. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 36ஆம் இடமும், கறுப்பின இசைப் பட்டியலில் 4ஆம் இடமும், பிரித்தானியாவில் 3ஆம் இடமும் அடைந்தது. இடங்களிலும் பார்க்க முக்கியமானவை அது கொணர்ந்த வடிவ மாற்றங்கள். இரவு முழுதும் நீளும் ஒரு நிகழ்வைத் தட்டில் அடக்கலாம் என்பதையே பலர் அதுவரை எண்ணியதில்லை. பின்னாளிற் புகழ்பெற்ற சக் டீ இதனை நினைவுகூர்ந்திருக்கிறார். விருந்தின் தலைவனாக இருந்தவன் சுழல்மேடைக்காரன். தட்டில் அவனுக்கு வேலையே இல்லை. அவன் கைகள் செய்ததைக் கூலிக்கு அமர்த்திய வாத்தியக்காரர் செய்தனர். கூட்டத்தின் மறுமொழியும் மறைந்து, பாடுவோர் குரல் மட்டும் எஞ்சியது. பெருநிறுவனங்களும் மெல்ல அசைந்தன. அவ்வாண்டு இறுதியிலேயே 'மேர்க்குரி' நிறுவனம் கேர்ட்டிஸ் புளோவின் பாடலை வெளியிட்டது. எனினும் றாப் இடம்பெற்ற பாடலொன்று அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதன்முதலாக உச்சியைத் தொட்டது, 1981இல் 'புளொண்டி' என்னும் வெள்ளையர் குழுவின் மூலம்.

இவ்வளவையும் கூறி, பண்டமயமாதல் ஒரு மக்கட் கலையைக் கெடுத்தது என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்போர் நம்மிடையே பலர். ஆனால் அதே நிறுவனமே 1982இல் 'த மெசேஜ்' என்ற தட்டை வெளியிட்டது. சேரி வாழ்வின் நெருக்கடியை நேராகப் பேசிய அப்பாடலின் பெரும்பகுதி எட் ஃபிளெச்சர் என்ற நிறுவன இசைக்கலைஞரால் எழுதப்பட்டது. இது விருந்துக்குரிய பாட்டன்று எனக் கிறான்ட்மாஸ்ரர் ஃபிளாஷின் குழுவினர் தயங்கினர். வற்புறுத்தியவர் சில்வியா றொபின்சன். சந்தையே சமூக விமரிசனத்துக்கு இடங்கொடுத்தது என்று இதைக்கொண்டு வாதிடுவோரும் உண்டு. அதுவும் அரை உண்மையே. அப்பாடலின் மிக வலிமையான இறுதிப் பகுதி, சேரியிற் பிறந்த குழந்தையொன்று சிறையில் மாள்வதைக் கூறும் பகுதி, புதிதாக எழுதப்பட்டதன்று. மெலி மெல் அதனை 1979இலேயே 'சுப்பர்றாப்பின்' என்ற தட்டில் பாடியிருந்தார். கொண்டாட்ட எதுகைகளின் நடுவே ஒதுங்கிக் கிடந்த அவ்வடிகள், ஒலிப்பதிவுக் கூடத்தின் மெதுவான தாளத்தின் மேல் தனித்து நிறுத்தப்பட்டபோதே செவிகளில் ஏறின. உள்ளடக்கம் மக்களுடையது, அதனைக் கேட்கச் செய்த வடிவம் சந்தையுடையது. முரண்பாட்டின் இரு முனைகளையும் ஒருங்கே காணாதவர் எந்த முனையையும் சரிவரக் காணமாட்டார்.

'த மெசேஜ்' 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது; 'றாப்பர்ஸ் டிலைற்' 2011இல் இடம்பெற்றது. ஆனால் 'த மெசேஜ்' வெளிவந்த மறு ஆண்டே, 1983இல், தன் குழுவின் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்காகவும் தரப்படாத வருவாய்ப் பங்குக்காகவும் ஃபிளாஷ் அதே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. இம்முறை புறொங்ஸைச் சேர்ந்தவனிடமும் ஒரு வழக்கறிஞர் இருந்தார்.