பெரெட்டாவின் இரண்டு தேதிகள்

1948 ஜனவரி 30 மாலை பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மூன்று முறை சுட்ட துப்பாக்கி ஓர் இத்தாலிய பெரெட்டா. வரிசை எண் 606824. இது வழக்கு ஆவணங்களில் உள்ளது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கதை. 1934இல் செய்யப்பட்டது, முஸோலினியின் அதிகாரி ஒருவன் அபிசீனியாவுக்கு எடுத்துப் போனான், அவனிடமிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தினன் ஒருவன் பறித்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தான் என்று போகும். நாவலுக்கு உகந்த சங்கிலி. நான் படித்த எந்த வடிவத்திலும் இதற்கு ஆவணம் காட்டப்படவில்லை.

முதல் கண்ணியிலேயே இடறல் இருக்கிறது. 1934 என்பது அந்த மாடலின் பெயர். துல்லியோ மாரெங்கோனி என்பவர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் செய்யப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ பத்து லட்சம். அத்தனையிலும் 1934 என்ற மாடல் எண்தான். ராணுவத்துக்குச் செய்த துப்பாக்கியில் செய்த ஆண்டு வேறாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்பகுதியில், சுடும்போது பின்னால் ஓடித் திரும்புகிற ஸ்லைடின் இடப்புறத்தில், கம்பெனியின் பெயர், தோட்டா அளவு, மாடல், பட்டறை இருக்கும் கார்டோனே என்ற ஊர், இவற்றைத் தாண்டி வரியின் கடைசியில் பார்க்க வேண்டும். வங்கியில் காசோலையைக் கையில் வாங்குகிறவனுக்கு இது புதிதல்ல. அச்சிட்டது ஒன்று, எழுதிய தேதி வேறொன்று.

அந்தக் கடைசியில் இருப்பதுதான் விசேஷம். ஒரு கிறிஸ்தவ ஆண்டு. பக்கத்தில் சிறிய ரோமன் இலக்கம். 1922 அக்டோபரில் ரோமாபுரிக்குள் புகுந்ததிலிருந்து தங்கள் காலம் தொடங்குவதாக பாசிஸ்டுகள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆண்டு பிறப்பது அக்டோபர் இறுதியில். எனவே 1941 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பத்தொன்பதும் வரலாம், இருபதும் வரலாம். கணக்குப்படி, இருபது என்றிருந்தால் அது அந்த ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் செய்தது. ஓர் ஆட்சி தன் பெருமைக்காகக் காலத்தையே திருத்தி எழுதியது; அந்தத் திருத்தம் இன்று சேகரிப்பாளன் மாதத்தைக் கணிக்கப் பயன்படுகிறது. வரலாற்றுக்கு நகைச்சுவை உண்டு என்று நம்பாதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

நகைச்சுவை அத்தோடு முடியவில்லை. 1943 ஜூலையில் முஸோலினி விழுந்தான். செப்டம்பருக்குப் பின் வட இத்தாலியும் பெரெட்டா பட்டறையும் ஜெர்மானியர் கைக்குப் போயின. அவர்களது சோதனை முத்திரை துப்பாக்கிகளில் ஏறியது. போருக்குப் பிறகு குடியரசு வந்தது. அதன் பரிசோதனைக் கூடமும் ஆண்டைக் குறிக்க ரோமன் இலக்கத்தையே எடுத்துக்கொண்டது. 1954க்குப் பத்து, 1964க்கு இருபது. ஆக இலக்கத்தை மட்டும் பார்ப்பவனுக்கு 1942க்கும் 1964க்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிரீடமும் ஆர், ஈ என்ற எழுத்துகளும் இருந்தால் அரசரின் தரைப்படை. ஆர், எம் கடற்படை. ஆர், ஏ விமானப்படை. பி, எஸ் என்றால் போலீஸ். 1946இல் அரசர் போனார். கிரீடத்துக்குப் பின் வரும் இருபது 1964ஆக இருக்க முடியாது.

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு என்று தள்ளுபவர்களுக்கு ஒன்று. 1910 மாடல் கிளிஸென்டியின் தோட்டாவும் ஜெர்மன் பாராபெல்லம் தோட்டாவும் அளவில் ஒன்றே. ஆனால் கிளிஸென்டிக்குரிய மருந்து பலம் குறைந்தது, துப்பாக்கியின் கட்டுமானமும் அதற்கேற்றது. அடையாளம் தெரியாமல் பாராபெல்லத்தைப் போட்டுச் சுட்டால் கைக்கு ஆபத்து. அதற்கும் முந்திய 1889 போதேயோ ரிவால்வரில் இந்தச் சிக்கல் இல்லை. விசைக்கு வளையமின்றி, மடக்கி வைக்கும்படி இருந்தால் சிப்பாய்க்குரியது. வளையம் இருந்தால் அதிகாரிக்குரியது.

சேகரிப்பாளர்களில் நல்லவர்கள் உலோகத்தைப் படிக்கிறார்கள். மற்றவர்கள் விற்பவன் சொல்லும் கதையை வாங்குகிறார்கள். துப்பாக்கி இலவச இணைப்பு. நமக்கு இது அந்நியமல்ல. இறையனார் அகப்பொருளின் உரை மூன்று சங்கங்களுக்கு 9990 ஆண்டுகள் கொடுத்தது. பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே காலம் பேசியவர்கள் எத்தனை பேர்.

அபிசீனியக் கதைக்குச் சாத்தியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1941இல் கெரெனில் இத்தாலியரை முறியடித்த படையில் 4ஆவது, 5ஆவது இந்திய டிவிஷன்கள் இருந்தன. தோற்றவர்களின் ஆயுதங்கள் கைமாறின. ஆனால் சாத்தியம் சான்றாகாது. என் ஆட்சேபம் வேறு. கதை துப்பாக்கியைத் தூரத்தில் வைத்துப் பேசுகிறது. பாலைவனம், முஸோலினி, பெயர் தெரியாத வெள்ளைக்காரன். கேட்பவனுக்கு ஒரு விதியின் கை தெரிகிறது. அருகிலிருந்த கைகள் தெரிவதில்லை. வழக்கு பேசியது அருகிலிருந்த கைகளைப் பற்றித்தான். கொலைக்கு இரண்டு நாள் முன்பு, குவாலியரில், பர்ச்சுரே என்ற டாக்டர் மூலம் துப்பாக்கி கிடைத்தது என்றது அரசுத் தரப்பு. டில்லி அகதி முகாமில் வாங்கினேன் என்றான் கோட்ஸே. செங்கோட்டைத் தனி நீதிமன்றம் 1949 பிப்ரவரியில் குவாலியரை ஏற்று பர்ச்சுரேக்குத் தண்டனை கொடுத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். தலைமறைவானவர்கள் என்று குற்றப்பத்திரிகையில் காட்டப்பட்ட மூவரும் குவாலியர்காரர்கள்.