பதினைந்து படுக்கையும் ஒரு ரசீதும்

எண்ணூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் ஏழு ரசீதுகளைச் செருகி வைத்திருக்கிறார். வெளிர்மஞ்சள் தாள், உள்ளங்கை அகலம். ‘ஆலோசனைக் கட்டணம் ரூ. 1,200’ என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதி, கீழே ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கும். ஏழுக்கும் சேர்த்து 8,400 ரூபாய். எல்லாம் அவர் கைக்காசு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அந்த ராத்திரி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தவர்களில் இவரும் ஒருவர். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரமெல்லாம் படிந்திருந்தது. வாயு காற்றோடு போய்விட்டது. அண்ணனுடைய தூக்கமும் போயிற்று. பக்கத்து வீட்டில் பினாயில் ஊற்றினால்கூட இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அண்ணி மந்திரிக்கக் கூட்டிப் போனார். மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கினார்கள். கடைசியில் யாரோ சொல்லி, ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் உட்காரும் கவுன்சலரிடம் போகத் தொடங்கினார். ஐந்தாம் வாரத்திலிருந்து தூக்கம் கொஞ்சம் பிடிபட்டது.

“தம்பி, கம்பெனில மாசாமாசம் இன்சூரன்ஸ் புடிக்கிறாங்கல்ல, இத்த அனுப்புனா துட்டு வருமா?”

நான்தான் படிவம் நிரப்பி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதி, வெளியேறிய தேதி இரண்டும் இல்லையாம்.

“எத்தினி நாள் அட்மிட் ஆயிருந்தன்னு கேக்குறான் தம்பி. அட்மிட் ஆவுற அளவுக்குப் போவக் கூடாதுன்னுதான நான் அங்க போறேன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இந்த ரசீதின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

சென்னையில் மனநோய்க்குத் தனியாரிடம் காசு கட்டுவது ஏதோ ஐ.டி. காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆரம்பமே அப்படித்தானாம். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் வாலன்டைன் கனோலி, 16 நோயாளிகளை வைத்துக்கொண்டு ஒரு விடுதி திறந்தார். விடுதி அவருடையது, நடத்தியவரும் அவரே, பணம் கம்பெனி கஜானாவிலிருந்து. பிறகு அது கை மாறிக் கை மாறி ஜேம்ஸ் டால்டன் என்ற இன்னொரு சர்ஜனிடம் போனது. ஊரார் அதை டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். பிறர் பணம் கட்டி மனநோயைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இந்த ஊரில் அப்போதே இருந்தது. ஆனால் அந்தப் பணம் ஆளை உள்ளே வைத்திருப்பதற்காகக் கொடுத்தது. பேசி அனுப்புவதற்கு யாரும் கொடுக்கவில்லை.

1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் திறந்தது. அங்கே எத்தனையோ நல்ல டாக்டர்கள் வந்தார்கள். சாரதா மேனன் போன்றவர்கள் ஆயுளையே கொடுத்தார்கள். வடசென்னைக்கு அதெல்லாம் எட்டவில்லை, அந்த ஊரின் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் ஒருவர் தனக்குத்தானே பேசினால் போதும், “கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட் குடுப்பா” என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். அந்த ஒற்றைச் சொல் எத்தனை பேரை டாக்டர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது.

தொழிற்சாலைக்காரர்களுக்கு முதலில் வந்த காப்பீடு ஈஎஸ்ஐ. பேராசிரியர் அதார்க்கர் 1944இல் கொடுத்த அறிக்கை, 1948இல் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம், 1955இல் நம் பக்கம் முதலாவதாகக் கோவை. ஈஎஸ்ஐயைத் திட்டுவது இங்கே ஒரு பொழுதுபோக்கு, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீண்டகால நோய் என்று அது வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவும் தீவிர மனச்சோர்வும் இருக்கின்றன. தகுதியுள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைகூடக் கிடைக்கும். தனியார் காப்பீடு மனம் என்ற சொல்லையே தொடாத காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது.

இதில் இரண்டு முடிச்சு உண்டு. லீவு வேண்டுமென்றால் டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட் பற்றி கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது. டைம் ஆபீசுக்குத் தெரிந்தது கேன்டீனுக்குத் தெரியும். இரண்டாவது, சம்பள வரம்பு. 2017 ஜனவரியிலிருந்து அது மாதம் 21,000 ரூபாய். அண்ணனுக்கு இன்கிரிமென்ட் விழுந்த வருஷம் வீட்டில் கேசரி கிண்டினார்கள். அதோடு ஈஎஸ்ஐ கார்டு செல்லாமல் போனது. அவர் கம்பெனியின் குரூப் பாலிசிக்குள் வந்தார்.

நம் ரசீதுக்கு உண்மையான பிறந்த வீடு அந்தப் பாலிசிதான். 1986இல் பொதுத்துறையின் நாலு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. நாலில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகமே சென்னை. மெடிக்ளெய்மின் அடிப்படை, ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் என்பது. குறைந்தது 24 மணி நேரம் படுக்க வேண்டும். பின்னால் டயாலிசிஸ், கண்புரை என்று சிலவற்றுக்கு விலக்கு வந்தது. மன நோய்க்கு விலக்கு வந்தது வேறு அர்த்தத்தில். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அந்தப் பட்டியலில் வேண்டுமென்றே செய்துகொண்ட காயம், போதைப் பழக்கம் ஆகியவற்றின் வரிசையில் அதையும் நிறுத்தினார்கள். 2001க்குப் பிறகு டிபிஏ என்ற இடைத்தரகர்களும் நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளும் கேஷ்லெஸ்ஸும் வந்தன. வசதி கூடியது, ஆனால் கணக்கு அதே படுக்கைக் கணக்கு.

2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருஷம் மே 29இல் அமலுக்கு வந்தது. அதில் 21ஆம் பிரிவு, நாலாம் உட்பிரிவு: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும். 2018 ஆகஸ்ட் 16இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை அனுப்பியது. நிறுவனங்கள் அசைந்து கொடுக்கவில்லை. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் மனநலச் சிகிச்சைச் செலவை முழுசாகக் கொடுக்க மறுத்த பொதுத்துறை நிறுவனத்தைக் கண்டித்து, பாக்கியைக் கொடுக்கச் சொன்னது. அப்படியும் 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடி எழுத வேண்டியிருந்தது, மாதக் கடைசிக்குள் எல்லாப் பாலிசியிலும் சேர்த்தாக வேண்டும் என்று.

சேர்த்தார்கள். அண்ணனின் பாலிசியிலும் மன நோய் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். ‘அதே அடிப்படையில்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். உடல் நோய்க்கு என்ன அடிப்படை? படுக்கை. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் காசு வராது, அட்மிட் ஆனால் வரும். அதே நியாயம் மனசுக்கும். சம உரிமை வந்ததென்னவோ உண்மை, வார்டு வாசல்வரை வந்தது.

விளக்கப் பக்கங்களையும் புரட்டினேன். ‘மருத்துவமனை’ என்றால், அரசிடம் பதிவு செய்த ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால், பத்து லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட ஊரில் குறைந்தது 15 படுக்கை, இரவு பகலாக நர்சுகள், சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர். ‘மருத்துவர்’ என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் பதிவது 1992 சட்டத்தின்கீழ் வந்த மறுவாழ்வுக் கவுன்சிலில். அண்ணன் போகும் மாடி அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை மின்விசிறி, மேஜையில் டிஷ்யூ டப்பா, சுவரில் ஒரு கடிகாரம். 45 நிமிஷம் பேச்சு. அந்த விளக்கத்தின்படி அது ஆஸ்பத்திரி இல்லை, அங்கே உட்கார்ந்திருப்பவர் டாக்டர் இல்லை, அங்கே நடப்பது சிகிச்சையும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகன், அங்கேயும் இதே தலைவலிதான் என்றான். நல்ல தெரபிஸ்டுகள் பலர் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் சேர்வதில்லை. நோயாளி கைக்காசு கொடுத்துவிட்டு, ஒரு விவரமான பில்லை அனுப்பி, ஒரு பங்கையாவது திரும்ப வாங்கப் பார்க்கிறார். நெட்வொர்க்குக்கு வெளியே போகிறோம் என்று அவன் அலுத்துக்கொண்டான். எங்கள் அண்ணனுக்கு வெளியே போவதற்கு முதலில் உள்ளே என்று ஒன்று இருக்க வேண்டுமே. இங்கே இப்போது சில பாலிசிகளில் ஓபிடி என்று தனிச் சேர்க்கை விற்கிறார்கள், கூடுதல் பிரீமியத்துக்கு. கவுன்சலரையும் அதில் ஏற்பார்களா என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். 14416க்குப் போன் செய்தால் 2022 அக்டோபரிலிருந்து எந்நேரமும் பேச ஆள் உண்டு. இரண்டையும் அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினார். ஓபி வரிசையில் குப்பத்து ஆட்கள் நாலு பேராவது நிற்பார்கள், அதுதான் அவருக்குக் கவலை.

இதையெல்லாம் படித்துத் திரட்டிக்கொண்டு, ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதிப் பார்ப்போமா என்று கேட்கப் போனேன். அவர் வலை மராமத்து செய்யும் தம்பிக்கு நூல் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் தம்பி, வுடு. வராததே நல்லதாப் பூச்சு. பாஸாயிருந்தா எச்ஆருக்கு லிஸ்ட் போயிருக்கும். அப்புறம் கிரேன்ல ஏத்த மாட்டானுங்க. ஆயிரத்தி இருநூறுல அதுக்கும் சேத்துதான் குடுக்குறேன்னு வெச்சுக்கயேன்.”

“அப்புறம் எதுக்குண்ணே இந்த ரசீதையெல்லாம் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வெச்சிருக்கீங்க?”

நூலை விடாமல் கொஞ்சம் யோசித்தார்.

“எண்ணிப் பாக்கத்தான். ஏழு தபா போயிருக்கேன்ல. சனிக்கிழம வந்தா எட்டு.”