கோல்கொண்டாவில் ஒரு பாக்கித் தொகை

ஹைதராபாத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கப் போகும் நம் குடியிருப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1591இல் எழுந்த சார்மினாரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பழைய கோல்கொண்டா கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

நுழைவாயிலில் கைதட்டினால் மலையுச்சியில் கேட்பதை வழிகாட்டி செய்து காட்டுவார். அதன்பின் ராமதாசர் சிறையில் பத்து நிமிடமாவது நிற்கச் சொல்லுங்கள். நம் பஜனைகளில் பாடுகிறோமே, அதே பத்ராசல ராமதாசர்தான். இயற்பெயர் கோபண்ணா. 17ஆம் நூற்றாண்டில் வரி வசூலிக்கும் தாசில்தாராக இருந்தவர். அரசுப் பணத்தை எடுத்து ராமர் கோயில் கட்டினார் என்று சுல்தான் தானாஷா அவரைச் சிறையில் அடைத்தார். ராமலட்சுமணரே வந்து பாக்கியைப் பொற்காசுகளாகக் கட்டி, ரசீதும் வாங்கினார்கள் என்பது கதை.

வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இதில் ஒன்று பிடித்திருக்கிறது. பக்தர்கள் சொல்லும் கதையிலும் கடன் தள்ளுபடி ஆகவில்லை. முழுதாகக் கட்டப்பட்ட பிறகே விடுதலை. பொதுப்பணம் பொதுப்பணம்தான்.

அந்தத் தானாஷாவின் முடிவையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். எட்டு மாத முற்றுகைக்கு அசையாத கோட்டையை, 1687இல் லஞ்சம் வாங்கிய ஓர் அதிகாரி ஔரங்கசீப்பின் படைக்குத் திறந்துவிட்டார். சுல்தான் தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே இறந்தார்.

படிகள் ஏராளம், மூட்டுவலிக்காரர்கள் நிதானமாக ஏறவும். வெள்ளிக்கிழமை சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.