மருதாணியும் நகப்பூச்சும்: ஜொகூர்த் தோட்டப் பெண்டிரின் சிக்கனக் கணக்கு

நகத்திற்குப் பூசும் வண்ணம் ஒரு வரலாற்றுக் கட்டுரைக்கு உரிய பொருளாகுமா என்று கேட்பார் உண்டு. போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் மட்டுமே வரலாறு என்று கொண்டால் ஆகாதுதான். ஆனால், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்ணொருத்தி, தன் ஊதியத்திலிருந்து கணவனுக்காகவும் அன்றிப் பிள்ளைகளுக்காகவும் அன்றித் தனக்கென்றே வாங்கிய முதற்பொருள் எது என்று தேடிப் பார்த்தால், நான் அறிந்த சில வீடுகளிலேனும் விடை கட்டைவிரல் உயரச் சீசா ஒன்றில் வந்து நிற்கிறது.

உடலுக்குச் செந்நிறம் ஊட்டி அழகு பார்த்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவி செம்பஞ்சுக் குழம்பு ஊட்டிய அடிகளோடு நம் முன் தோன்றுகிறாள். எளியோர்க்குக் கிடைத்தது மருதாணி. மலாய்க்காரர் அதனை இனாய் என்பர். திருமணத்திற்கு முன் மணப்பெண்ணின் விரல்களில் அதை இட்டு மகிழும் இரவு அவர்களுக்கும் உண்டு. எங்கள் தோட்டத்து லயங்களின் பின்புறம், முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடையில், ஒரு மருதாணிச் செடி கட்டாயம் நிற்கும். அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் புரதத்தோடு ஒன்றிவிடுவதால், நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிறம் போவதில்லை. நகமோ மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே தீபாவளிக்கு இட்ட சிவப்பு சித்திரை வரையிலும் நுனியில் எஞ்சி நிற்கும். செலவு ஒரு காசும் இல்லை.

இவ்வளவு மலிவான ஒன்றைக் கையில் வைத்திருந்தவர்களிடம் சீசா எப்படி வந்தது? அமெரிக்காவின் கியூடெக்ஸ் நிறுவனம் 1917இல் திரவ நகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் மோட்டார் வண்டிகளுக்குப் பூச நைட்ரோசெல்லுலோஸ் வண்ணங்கள் பரவின. நகப்பூச்சும் அதே இரசாயனத்தில் வளர்ந்தது. 1932இல் ரெவ்லான் நிறுவனம் தொடங்கி, நகத்தை முற்றிலும் மூடும் அடர்ந்த வண்ணங்களை விற்றது. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. மலாயாவிலோ, 1920களின் இறுதியில் நாளொன்றுக்கு 40 காசு பெற்ற தோட்டப் பெண்ணின் ஊதியம் 1930இல் 32 காசாகக் குறைக்கப்பட்டது. ஆணுக்கு அப்போது 40 காசு. வேலையிழந்த ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேற்றித் தாயகத்திற்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க்கில் ஏழைப் பெண்ணும் வாங்கத் தொடங்கிய சீசாவை நம் பாட்டிமார் கண்ணால் கண்டிருக்கவும் வாய்ப்பில்லை.

அது லயத்திற்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்தது 1960களின் இறுதியில், கூலாய்ப் பகுதியில். எந்த நிறுவனத்தின் நகப்பூச்சாயினும் எங்கள் பெண்கள் அதற்குக் கியூடெக்ஸ் என்றே பெயர் சொன்னார்கள். என் சின்னம்மா அதைத் தோட்டத்துக் கடையில் வாங்கும்போது, ‘இதைப் பற்றுல எழுதாதீங்க அண்ணே’ என்று சொல்லி ரொக்கமாகக் கொடுப்பார். பற்றேட்டில் ஏறினால் சம்பள நாளன்று சின்னப்பாவின் கண்ணில் படும். அரிசிக்கும் புளிக்கும் நடுவே அந்த ஒரு வரிக்கு விளக்கம் கூற வேண்டியிருக்கும். ஒட்டுப்பால் உரித்த விரல்களுக்கு வண்ணம் எதற்கு என்ற ஏளனத்தை அவர் அஞ்சினார். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது என்பதை நானே அறிவேன்; சிறுவனாகிய நானும் சிரித்தவன்தான்.

சின்னம்மாவின் கணக்கு நுட்பமானது. பெரிய சீசா அளவுக்கு அளவு மலிவு என்று கடைக்காரர் கூறுவார். அவர் சிறியதையே எடுப்பார். திறந்த சீசாவில் கரைப்பான் ஆவியாகிக் குழம்பு தடித்துவிடும். பாதியைக் குப்பையில் எறிந்தால் மலிவு ஏது? அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் மூவர் ஆளுக்கொரு நிறம் வாங்கி மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் வாய்ப்பகுதியைத் துடைத்து இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைப்பார்கள். கைவிரலில் பூசினால் திங்கட்கிழமை உளியும் வாளியும் அதனைப் பெயர்த்துவிடும் என்பதால் கால்விரலிலேயே பூசினார்கள். ஒரேயொரு முறை, தடித்துப்போன சீசாவில் வண்ணம் அழிக்கும் அசிட்டோனை ஊற்றிச் சின்னம்மா ஏமாந்தார். வண்ணம் இளகிற்று; ஆனால் பூசிய மறுநாளே உதிர்ந்தது. கலவையிலுள்ள எஸ்டர் கரைப்பான்களையே கொண்ட இளக்கியை இரண்டு மூன்று துளி விட்டிருந்தால் போதும் என்பது எனக்கே பின்னாளில்தான் தெரிந்தது.

ஜொகூர் பெண்டிர்க்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். சிராங்கூன் சாலைக் கடைகளில் தெரிவு மிகுதி. இரு நாடுகளும் 1965இல் பிரிந்த பின்னரும் வெள்ளிக்கு வெள்ளி சமமாகவே செல்லுபடியானது. 1973 மே மாதம் அந்த ஏற்பாடு முடிந்தது. அன்றுமுதல் அக்கரை விலையை நம் வெள்ளியில் பெருக்கிப் பார்த்து வாங்க நேர்ந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும்; மலிவு தேடிப் பாலம் கடந்து வருபவர்கள் இப்போது அக்கரையார்.

மலிவிலும் ஒரு கண் வேண்டும். மலேசியாவில் 2008 முதல் ஒப்பனைப் பொருள்களை விற்குமுன் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அறிவித்தல் கட்டாயம். பசார் மாலாமில் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத சீசா ஒரு வெள்ளிக்குக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுதல் நன்று. உடனடியாகக் கருக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் தோலைப் புண்ணாக்கும் தலைச்சாய இரசாயனம் கலந்திருப்பதுண்டு, பச்சை இலை ஒருநாளும் கருப்பாகப் பற்றாது.

எங்கள் தோட்டம் பின்னர் செம்பனைக்கு மாறி, லயங்களும் இடிபட்டன. சின்னம்மா மாசாயில் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, மருதாணியின் ஒரு கிளையை ஒடித்து வந்து தொட்டியில் நட்டார். கியூடெக்ஸையும் அவர் விடவில்லை. அலமாரிக் கண்ணாடியின் முன்பு, எல்லாரும் பார்க்கும்படியாக, மூன்று சிறு சீசாக்கள் நின்றன.